திங்கட்கிழமை மட்டும் பார்க்கும் வக்கீல்

பொலிவியாவில் எங்கள் லா பாஸ் நகரக் கோர்ட் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் நாலு வக்கீல் மேல் படும். ஐந்தாவது வக்கீல் அந்தக் கல்லுக்காக ஆஜராவார். அப்படிப்பட்ட ஊரில், "எனக்கு ஒரு வக்கீலைக் கண்டுபிடிச்சுக் குடுங்க" என்று துப்பறியும் ஆபீசைத் தேடி ஒருத்தி வருகிறாள் என்றால், ஒன்று அவளுக்குக் கிறுக்கு, இல்லை எங்களுக்கு அதிர்ஷ்டம். திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்ற கசிமிரா தார்க்கியைப் பார்த்ததும் முதலாவதுதான் என்று முடிவு கட்டினேன். அவசரப்பட்டு முடிவு கட்டுவதில் இந்த லிம்பெர்ட் அபாசாவை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த லிம்பெர்ட் நான்தான்.

கசிமிரா மார்க்கெட்டில் ஊதாச்சோளக் கஞ்சி விற்பவள். நாற்பது வயதிருக்கும். கொசுவம் வைத்த அகலப் பாவாடை, இரண்டு நீளப் பின்னல், உச்சியில் வட்டத் தொப்பி. எங்கள் ஊர்ப் பூர்வகுடிப் பெண்களின் உடை; அதைப் பார்த்தாலே சந்தைக்காரி, இல்லை வேலைக்காரி என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, ஸ்கூல் யூனிஃபார்மில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர் டானிட்சா.

"உக்காருங்க" என்றார் என் முதலாளியம்மா, டோன்யா ரூபெர்த்தா கிஸ்பெர்ட். இருபத்திரண்டு வருடம் கோர்ட் சம்மன் கொடுத்தவர். தண்ணீர் டிரம்முக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருந்தவனின் மூக்கு மேலே வரும்வரை காத்திருந்து சம்மனை நீட்டியவர். ரிட்டையரான பிறகும் ஒளிபவர்களைத் தேடும் பழக்கம் போகவில்லை. அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாய்தா" என்றாள் கசிமிரா. "எங்க அக்கா போன வருஷம் போயிட்டா. இவ அப்பனும் இல்ல. அன்னைலேர்ந்து இவள வளக்குறது நான்தான். இப்ப அவ சித்தப்பன் குவால்பெர்த்தோ, சாந்தா குரூஸ் ஊர்லேர்ந்து வந்து, சட்டப்படி கார்டியன் நான்தான்னு கேஸ் போட்டிருக்கான்."

"ஒரு வருஷமா எங்க இருந்தாராம்?" என்றேன்.

"அப்ப வீட்டுல வேலைக்காரி இருந்தா. போன மாசம் ஓடிட்டா. மூணு பச்சப்புள்ளைங்க அவனுக்கு."

போதாதா? பாசம் எந்த பஸ்ஸில் வந்து இறங்கியது என்று புரிந்துவிட்டது.

"நாளைக்கும் வக்கீல் இல்லாம வந்தா புள்ளைய அவனோட அனுப்பிடுவேன்னு ஜட்ஜம்மா சொல்லிட்டாங்க. ஏழு பேரப் பாத்துட்டேன். ஒரு நாள்ல ஆகாதுன்னு ஏழு பேரும் கையை விரிச்சுட்டாங்க. மார்க்கெட்டுல எல்லாரும் ஒரே பேரத்தான் சொல்றாங்க. டாக்டர் கலிஸ்தோ. கார்டியன் கேசுல அவர் தோத்ததே இல்லயாம்."

எங்கள் ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடமாட்டார்கள், மற்றபடி வலி ஒன்றுதான்.

"அட்ரஸ்?"

"அதத்தான் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நம்பிக்கையோட தேடினா அவரே கூப்பிடுவாராம்."

"நான் துணிய பையில எடுத்து வைக்கவான்னு கேட்டேன்" என்றாள் டானிட்சா. "சித்தி திட்டிட்டாங்க."

ரூபெர்த்தா அந்தப் பெண்ணை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கசிமிராவிடம் கை நீட்டினார். "அந்த டாக்டர் தொட்ட காகிதம் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பக்கத்துக் கடைக்காரியின் பழைய மனுவின் நகல். சிவப்புப் பென்சிலால் திருத்தம் செய்திருந்தது. கறாரான திருத்தம். ஒரு பாராவையே அடித்துவிட்டு ஓரத்தில் "அழுகை வேண்டாம், தேதி போடு" என்று எழுதியிருந்தது. காகிதத்தில் மூன்று சமாச்சாரம் ஒட்டியிருந்தன. மெழுகுச் சொட்டு, நசுங்கிய வெள்ளைப் பூவிதழ், விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் தடம்.

"மெழுகு" என்றார் ரூபெர்த்தா. "கரண்டு கட்டாத வீடு. ஏழை. சிகரெட் பிடிக்கிறார், ஆனா சாம்பலத் தட்டுறதே இல்ல. கடைசி வரைக்கும் அப்படியே விட்டிருக்கார்."

"சோம்பேறி" என்றேன்.

"யோசனைல மூழ்குற ஆள்னு சொல்லு. வெள்ளைப் பூ. யாரோ பொம்பளை கொண்டாந்து குடுத்திருக்கா."

"ஏழை, சோம்பேறி, மன்மதன். முதலாளியம்மா, இது எங்க மாமா மாதிரியே இருக்கு. அவர் வக்கீல் இல்ல, அது ஒண்ணுதான் குறை."

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இப்போதே தலையில் அடித்துக்கொண்டிருப்பார். அடித்துக்கொள்ளட்டும். அன்று எங்கள் இரண்டு பேர் புத்தியும் புல் மேயப் போயிருந்தது.

நாலு பேருமாகக் கோர்ட் தெருவுக்குப் போனோம். அங்கே நடைபாதையில் தட்டச்சு மெஷினோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர் எலியோதோரோவுக்குத் தெரியாத மனு கிடையாது. ரூபெர்த்தா காகிதத்தைக் காட்டியதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டர் கலிஸ்தோவா? இதோட நாப்பது மனு அடிச்சுக் குடுத்திருக்கேன் அவருக்கு. அவர் திருத்திக் குடுத்தா சுத்தமா அடிச்சுத் தருவேன். திங்கட்கிழமை மட்டும்தான் பாப்பாரு."

"மத்த நாள்ல?"

"இருப்பாரு. ஆனா கேக்க மாட்டாரு."

"நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?"

"ஒரு தடவை. ஒல்லியான மனுஷன். பின்னல் குல்லா, கறுப்புக் கண்ணாடி. சிரிச்ச முகம். நான் சொன்னது எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாரு, குறுக்க ஒரு வார்த்தை பேசல."

"குறுக்கே பேசாத வக்கீலா?" என்றேன். "முதலாளியம்மா, இவர் நம்ம நாட்டுக்காரர் இல்ல."

"ஃபீஸ்?" என்றார் ரூபெர்த்தா.

"தொட மாட்டாரு. பூ, சிகரெட், மெல்லக் கொஞ்சம் கோகா இலை. அவ்வளவுதான். பூவ மட்டும் கல்லறைத் தோட்ட வாசல்ல மூணாவது கடைல வாங்குங்க. அவருக்கு அதான் பிடிக்கும்."

பெரியவர் எலியோதோரோ கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வக்கீல் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிற ஆளைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூணாவது கடைக்காரி கேள்வியே கேட்காமல் வெள்ளைப் பூவைக் கட்டிக் கையில் கொடுத்தாள். "டாக்டருக்குத்தானே? படி இறங்கினா பச்சைக் கதவு. வரிசை நிக்கும், தெரியும்."

தெரிந்தது. பச்சைக் கதவுக்கு வெளியே பதினொரு பேர், கையில் ஃபைல், மறு கையில் பூ. மணி நாலு. ரூபெர்த்தா வரிசையில் நின்றதாகச் சரித்திரம் கிடையாது. நேராகப் போய்க் கதவைத் தட்டி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் ஒரு குரல் கொடுத்தார். "கோர்ட் நோட்டீஸ்."

கதவு திறந்தது. ஐம்பது வயசு அம்மாள் ஒருத்தி, கசிமிராவைப் போலவே பாவாடை, பின்னல், தொப்பி. கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

"டாக்டர் கலிஸ்தோவப் பாக்கணும்."

"உள்ள இருக்காரு. சத்தம் போடாதீங்க."

உள்ளே போனோம். மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் டாக்டர் கலிஸ்தோ. பின்னல் குல்லா, கறுப்புக் கண்ணாடி, சிரித்த முகம். பற்களுக்கு இடையே ஒரு சிகரெட், சாம்பல் விழாமல் நீளமாக நின்றது. கழுத்துக்குக் கீழே எதுவும் இல்லை. கழுத்தே இல்லை.

மண்டையோடு.

எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. உரிமை கொண்டாட ஆளில்லாத மண்டையோட்டை வீட்டில் வைத்து, பேர் வைத்து, குல்லா போட்டு, திங்கட்கிழமை தோறும் பூ வைத்துக் குறையைச் சொல்வோம். ஒன்று காணாமல் போன பொருளைக் கண்டுபிடிக்கும், ஒன்று குடிகாரப் புருஷனைத் திருத்தும். எங்கள் அத்தை வீட்டு அலமாரியிலேயே இரண்டு இருக்கின்றன. மெழுகு, பூ, சிகரெட், திங்கட்கிழமை. பால்குடிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நாங்கள் மன்மதனைத் தேடிக்கொண்டிருந்தோம்.

"ஒல்லியான மனுஷன்தான்" என்றேன்.

"வாய மூடு" என்றார் ரூபெர்த்தா. காது சிவந்துவிட்டது அவருக்கு.

கசிமிராவுக்கு மட்டும் எந்த ஏமாற்றமும் இல்லை. தொப்பியைக் கழற்றி, பூவை வைத்து, டானிட்சாவையும் முட்டி போடச் சொன்னாள். "டாக்டர், நாளைக்குப் பத்து மணி. நீங்கதான் காப்பாத்தணும்."

நான் ரூபெர்த்தாவின் காதில் கிசுகிசுத்தேன். "ஜட்ஜம்மா இவர வக்காலத்து நாமால கையெழுத்துப் போடச் சொன்னா என்ன பண்றது?"

அவர் பெட்டிக்கு முன்னால் தட்டில் கிடந்த மனுக்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். சிலவற்றில் ஏற்கனவே சிவப்புப் பென்சில் விழுந்திருந்தது. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இவர் எப்பச் செத்தாரும்மா?"

"எங்க மாமனார் பிறக்கறதுக்கு முன்னாடியே" என்றாள் அந்த அம்மாள்.

"அப்படியா. இதுல குழந்தைகள் சட்டத்தக் காட்டித் திருத்தியிருக்காரே. அது ரெண்டாயிரத்துப் பதினாலுல வந்த சட்டம். செத்தும் படிக்குற ஆள நான் பாத்ததில்ல. உயிரோட இருக்கறவனே படிக்க மாட்டேங்குறான்."

ரூபெர்த்தா அந்த அம்மாளின் தலையைப் பார்த்தார்.

"உங்க பின்னல்ல என்ன சொருகியிருக்கு?"

அந்த அம்மாளின் கை தன்னையறியாமல் பின்னலுக்குப் போனது. சிவப்புப் பென்சில்.

"பேரு?"

"பசிலியா ஹுவராச்சி." உருளைக்கிழங்கைக் கீழே வைத்தாள். "வக்கீல்தான். பட்டம், பதிவு எல்லாம் இருக்கு. அந்தப் பெட்டிக்குப் பின்னாடி சுவத்துல மாட்டியிருக்கு."

பெட்டியை நகர்த்திப் பார்த்தேன். இருந்தது. டாக்டர் கலிஸ்தோவின் குல்லா அதை முழுசாக மறைத்திருந்தது.

"அப்ப ஏம்மா இந்த வேஷம்?" என்றேன்.

"கோர்ட்டுக்கு எதிர்ல நாலு வருஷம் ஆபீஸ் போட்டு உக்காந்திருந்தேன். வர்றவங்க எல்லாரும் என் பாவாடையப் பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டாங்க. டாக்டர் எப்பம்மா வருவாரு? நான்தான்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஒருத்தர் டீ கேட்டாரு. போட்டுக் குடுத்தேன், வேற என்ன பண்றது. ஒரு நாள் வெறுத்துப்போயி, டாக்டர் உள்ள இருக்காருன்னு இவரக் காட்டினேன். மனுஷன் கும்பிட்டுட்டு ஃபைல வச்சுட்டுப் போனான். அவன் கேஸ் ஜெயிச்சுது. மறுவாரம் ஒம்போது பேரு."

"கோர்ட்ல யாரு பேசுறது?"

"யாராவது கோட்டு போட்ட வக்கீல் ஒருத்தன் கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போவான். எழுதுறது நான், போறது அவன், பேரு இவருக்கு."

ரூபெர்த்தா சொன்னார், "நாளைக்குக் கோட்டுக்காரனத் தேட நேரம் இல்ல. நீங்கதான் போறீங்க."

"நானா?" பசிலியாவின் முகம் வெளுத்தது. "பன்னெண்டு வருஷமாச்சு நான் அங்க போயி."

ஆனால் முதல் ஆட்சேபம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. கசிமிரா எழுந்து நின்றாள். பசிலியாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அதே பாவாடை, அதே பின்னல், அதே தொப்பி.

"இவங்களா? நான் டாக்டரத்தான கேட்டேன். இவங்க என்ன மாதிரியே இருக்காங்களே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப அந்த மண்டையோடு யார் மாதிரி இருக்கு? உங்க மாமியார் மாதிரியா?"

"டேய்" என்றார் ரூபெர்த்தா.

பசிலியா உருளைக்கிழங்கை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு இது பழகிப்போயிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கசிமிரா கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "டாக்டரும் கூட வரணும். அவர் வந்தாத்தான் நான் வருவேன்." முழு ராத்திரியும் உட்கார்ந்து ஃபைலைப் படிக்கிறேன் என்றாள் பசிலியா. டாக்டரைக் கூடையில் வைத்துத் தூக்கி வருவது என் பொறுப்பு ஆயிற்று. துப்பறியும் உதவியாளன் என்று போர்டு போட்டுக்கொண்டால் இதெல்லாம் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பது. கோர்ட் வாசலில் சாமான்களை ஊடுருவிப் பார்க்கிற மெஷின். கூடையை அதில் வைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி மெதுவாக எழுந்து நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"இது டாக்டர் கலிஸ்தோவா?"

"ஆமா."

"ஐயையோ, அவர மெஷின்ல வச்சீங்களே." கூடையை இரண்டு கையாலும் ஏந்தித் தன் மேஜைமேல் வைத்தான். அடையாள அட்டை கேட்கவில்லை, பதிவேட்டில் எழுதவில்லை. பிறகு பசிலியா பக்கம் திரும்பினான். "நீங்க எந்த சாட்சிம்மா? சாட்சிங்க அந்தப் பக்கம்."

பசிலியா தொப்பிக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய வக்கீல் அட்டையை எடுத்து நீட்டினாள். காவலாளி அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி அட்டையைப் பார்த்தான்.

"உங்க பொண்ணோடதா?"

செத்தவர் உள்ளே போய்விட்டார். உயிரோடு இருப்பவள் பத்து நிமிடம் நின்றாள். ரூபெர்த்தா வந்து நாலு வார்த்தை சொன்ன பிறகுதான் வழி விட்டார்கள். அதற்குள் கூடையைச் சுற்றிக் கூட்டம். இரண்டு குமாஸ்தாக்கள், லிஃப்ட்காரர், ஜீவனாம்சக் கேசுக்கு வந்த நாலு பெண்கள். யாரோ சிகரெட் பற்றவைத்து டாக்டரின் பல்லில் செருகியும் விட்டார்கள்.

"கூடையக் குடுங்கய்யா, பத்து மணிக்கு வாய்தா" என்றேன்.

"அஞ்சு நிமிஷம் சார், என் பிரமோஷன் விஷயம்" என்றான் காவலாளி. கூடையை இழுத்தேன். ஏழு கைகள் எதிர்ப்பக்கம் இழுத்தன.

மேலே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் இல்லாமலே ஏறினோம். கசிமிரா படிக்குப் படி திரும்பிப் பார்த்து அழுதுகொண்டே வந்தாள். "போச்சு, எல்லாம் போச்சு."

ஜட்ஜம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பக்கம் குவால்பெர்த்தோ, இஸ்திரி சட்டை, பக்கத்தில் சென்ட் மணக்கும் கோட்டுக்கார வக்கீல். "மனுதாரர் குழந்தையோட சொந்தச் சித்தப்பா, சொந்த வீடு, குழந்தைக்குத் தனி அறை" என்று வக்கீல் அடுக்கினார். "அறையோட போட்டோவும் தாக்கல் பண்ணியிருக்கோம்."

"கசிமிரா தார்க்கி, உங்க வக்கீல் எங்க?"

கசிமிரா கதவையே பார்த்தாள். பசிலியா எழுந்தாள். ஃபைலை மேஜைமேல் ஊன்றிக்கொண்டாள்.

"நான்தான், கனம் கோர்ட்டார் அவர்களே." எதிர்க்கட்சி வக்கீல் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாளோ என்னவோ, ஃபைலை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அவங்க தாக்கல் பண்ணின போட்டோவப் பத்தி மட்டும் ஒரு கேள்வி. இது டானிட்சாவுக்காகத் தயார் பண்ணின அறைதானே?"

"ஆமா" என்றார் குவால்பெர்த்தோ பெருமையாக. "எல்லாம் அவளுக்காகவே."

"கட்டிலுக்குப் பக்கத்துல மூணு தொட்டில் இருக்கு. அதுவும் அவளுக்காகவா?"

"அது, இடம் இல்லாம..."

"சரி. கதவுக்குப் பின்னாடி ஆணில ஒரு சமையல் ஏப்ரன் தொங்குது. உங்க மனைவியோடதா?"

"ஆமா ஆமா, அவளோடதுதான்."

பசிலியா போட்டோவை ஜட்ஜம்மாவிடம் நீட்டினாள். ஏப்ரனைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். "பக்கத்துல தொங்குற துண்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அதுல பாதி உயரம்கூட இல்ல. பெரிய மனுஷி யாருக்கும் அது முட்டி வரைக்கும் வராது. ஒம்போது வயசுப் பொண்ணுக்குன்னு அளந்து தச்சது. ஸ்கூல் பைக்கு ஒரு ஆணி அடிக்கல, படிக்க மேஜை போடல. இத மட்டும் முன்கூட்டியே தச்சு மாட்டியிருக்காங்க."

ஜட்ஜம்மா போட்டோவைக் கண்ணருகே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குவால்பெர்த்தோவைப் பார்த்தார். அவர் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

"டானிட்சா எந்த கிளாஸ் படிக்குறா சார்?" என்றார் ஜட்ஜம்மா.

குவால்பெர்த்தோ கூரையைப் பார்த்தார். அங்கே எழுதியிருக்கவில்லை.

பதினைந்தே நிமிடம். கார்டியன், கசிமிரா தார்க்கி. குமாஸ்தா தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். "உங்க வக்கீல் பேர் என்னம்மா போடணும்?"

கசிமிரா மூக்கைச் சிந்திக்கொண்டாள். படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள், பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள்.

"டாக்டர் பசிலியா ஹுவராச்சி" என்றாள். "எழுத்து விடாம போடுங்க."

கீழே இறங்கினோம். காவலாளி ஓடி வந்தான். "டாக்டர் ஜெயிச்சுட்டாரா?"

"ஜெயிச்சது அவர் இல்ல" என்றாள் கசிமிரா. "அவர் இங்க உங்க கூட சிகரெட் பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தாரு."

கூட்டம் பசிலியாவைப் பார்த்தது. ஜீவனாம்சக் கேசுக்கு வந்தவர்களில் ஒருத்தி, கூடைக்கு அடியில் சொருகியிருந்த தன் ஃபைலை மெதுவாக உருவி எடுத்தாள். கொஞ்சம் தயங்கி, பசிலியாவிடம் நீட்டினாள். பசிலியா பின்னலில் இருந்த பென்சிலை எடுத்து அங்கேயே படிக்க ஆரம்பித்துவிட்டாள்.

டானிட்சாவுக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அவள் பசிலியாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "நான் சித்தி கூட எத்தனை நாளைக்கு இருக்கலாம்?"

"பதினெட்டு வயசு வரைக்கும்" என்றாள் பசிலியா, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல். "சட்டப்படி. அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

"அதுக்கப்புறமும் என் இஷ்டம்தான்" என்றாள் கசிமிரா. "ஸ்கூலுக்கு நேரமாச்சு, நட."